கடலுக்கு அக்கரையில் பாதிக் குடும்பம்

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் சாய்கோடு. புற்றுநோய் வந்தவரைக் கறுப்பாக்கி, எந்த வயதில் வந்தது என்று பக்கத்தில் எழுதுவேன். பரம்பரைப் புற்றுநோய் பார்க்கும் மரபணு மருத்துவரின் மேசையில் பென்சிலும் அழிறப்பரும்தான் முதலில் வேண்டும். மூன்று தலைமுறையை வரைந்த பிறகே இரத்தப் பரிசோதனை பற்றி யோசிப்பேன்.

இலங்கை மலையகத்தில் அந்தப் படம் முழுசாக வருவது அபூர்வம். ஒரு குடும்பத்திடம் தவறு செய்துதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

வேலைக்கு வந்த புதிது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் பெண், வயது 38, மார்பகப் புற்றுநோய். குடும்பத்தில் வேறு யாருக்காவது வந்ததா என்று கேட்டேன். "இல்லைங்க டாக்டரம்மா." அம்மா, அம்மாயி, சித்திமார் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன், எல்லாரும் சுகம். 'குடும்பத்தில் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடினேன். மரபணுப் பரிசோதனைக்கு அப்போது பெரிய செலவு, சந்தேகம் பலமாக இருந்தால்தான் எழுதுவோம். ஆனால் அந்த வயதே போதிய சந்தேகம். அப்பா பக்கத்தை நான் கேட்கவே இல்லை.

நாலு வருடம் கழித்து அவருடைய தங்கை வந்தார், முற்றிய சூலகப் புற்றுநோயோடு.

இந்த முறை அப்பாவை வரச் சொன்னேன். அவருக்கு இரண்டு அக்கா. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது; அந்தக் கணக்கில் அக்கா இருவரும் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறினவர்கள். கடிதம் நின்று வெகுகாலம். யார் யாரையோ கேட்டு, தமிழ்நாட்டில் கூடலூரில் இருக்கும் அக்கா மகனை வாட்ஸ்அப்பில் பிடித்தோம். "எங்கம்மாவுக்கு மார்ல கட்டி வந்துச்சு மாமா. பெரியம்மா வயித்துல நீர் கோத்துப் போய்ச் சேந்தாங்க. செய்வினைன்னு சொன்னாங்க."

வயிற்றில் நீர் கோப்பது சூலகப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். இரண்டு வட்டங்களையும் கறுப்பாக்கினேன்.

தங்கையின் இரத்தத்தில் பிஆர்சிஏ1 மரபணு பழுதாகியிருந்தது. 1994இல் கண்டெடுக்கப்பட்ட அந்த மரபணு, உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவுவது. அது பழுதான பெண்களில் நூற்றுக்குச் சுமார் எழுபது பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சூலகப் புற்றுநோய் நாற்பது பேருக்கு மேல். அம்மாவிடமிருந்து வருவது போலவே அப்பாவிடமிருந்தும் வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அந்த அப்பாவுக்கு ஒரு நோவும் இல்லாமலே இருக்கலாம். "என்னாலதானா டாக்டரம்மா?" என்று இந்த அப்பா கேட்டார். உங்களுக்கும் கேட்காமல் வந்ததுதான் ஐயா என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது புற்றுநோய் என்ற சொல்லோடு நான் தொடங்குவதில்லை. யார் யார் இறந்தார்கள், எந்த வயதில், வயிறு வீங்கியதா, யார் கப்பல் ஏறினார்கள் என்று கேட்கிறேன். நேரம் எடுக்கும். கிளினிக்குக்கு வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், அதனால் எல்லாவற்றையும் ஒரே வருகையில் முடிக்கப் பார்ப்பேன்.

முதலில் வந்த அந்தக் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு 19 வயது மகள் ஒருத்தி. கல்யாணம் முடியும்வரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். அந்தப் பயம் எனக்குப் புரியும். ஆனால் முடிவு அவளுடையது. அந்தப் பழுது அவளுக்கும் இருந்தால், 25 வயதிலிருந்து வருடா வருடம் மார்பக ஸ்கேன், பிள்ளைகள் பெற்று முடிந்த பின் 35க்கும் 40க்கும் இடையில் சூலகங்களையும் குழாய்களையும் எடுத்துவிடுவது என்று செய்வதற்கு வழி இருக்கிறது. அவளே வந்து கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்புறம் இந்தியாவுக்குக் கடிதங்கள். மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று சரியாக எழுதிக் கொடுத்தால், அங்கே முழுவதையும் தேட வேண்டாம், அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். அக்காமாரின் பேத்திகள் மூன்று பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் பரிசோதித்துவிட்டார்கள். மூன்றாமவள் கோத்தகிரியில் இருந்தவள், இப்போது அங்கே இல்லை, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.