ஓடுபாதைக்கு யார் லைன் கிளியர் கொடுப்பது?

மதுரையில் இறங்கும் விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் ஒன்றைக் கவனிக்கலாம். சக்கரம் தரையைத் தொட்டு வேகம் குறைந்ததும் பெரும்பாலும் விமானம் பக்கத்தில் ஒதுங்காது. ஓடுபாதையின் கோடிக்குப் போய், அங்கேயே திரும்பி, வந்த வழியிலேயே ஊர்ந்து வந்துதான் டெர்மினல் பக்கம் போகும். ஓடுபாதைக்கு இணையாக விமானம் ஊர்ந்து போகும் டாக்சிவே இங்கே இல்லை. இருப்பது சுமார் 7,500 அடிக்கு ஒரே ஓடுபாதை. அதில் ஒரு விமானம் திரும்பி வரும்வரை அடுத்தது இறங்கவும் முடியாது, கிளம்பவும் முடியாது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆன எனக்கு இது லூப் லைன், அதாவது வண்டி ஒதுங்கி நிற்கப் பக்கத்துப் பாதை, இல்லாத ஸ்டேஷன்.

மதுரைக்கு வரும் போக்குவரத்துக்கு இது போதும், கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். மும்பையில் அப்படி இல்லை. அங்கே இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் வேலை நடக்கும். 2024 ஜூன் 8 அன்று திருவனந்தபுரம் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் இன்னும் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ அதே ஓடுபாதையில் பின்னால் இறங்கிவிட்டது. வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். விபத்து இல்லை. ஆனால் ஒரே பிளாக் செக்‌ஷனில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகலாம் என்ற துண்டில், இரண்டு வண்டி என்றால் எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மீட்டர் கேஜ் காலத்தில் சிங்கிள் லைனில் பால் டோக்கன் கருவி இருந்தது. அடுத்த ஸ்டேஷன்காரர் அவர் பக்கம் சம்மதம் கொடுத்து, நான் என் பக்கம் கைப்பிடியைத் திருப்பினால்தான் இரும்புப் பந்து ஒன்று உருண்டு வந்து கையில் விழும். அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலி, வண்டியை விடலாம் என்ற 'லைன் கிளியர்' அதுதான். அதைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயின்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். டிரைவர் ஓடுகிற வண்டியிலிருந்தே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பந்து வெளியே இருக்கிறவரை இரண்டு ஸ்டேஷன் கருவியிலும் இன்னொரு பந்து வராது. ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சினாலும் வராது, தூங்கினாலும் வராது.

வெறும் போன் பேச்சுக்கும் எங்களிடம் பூட்டு உண்டு. லெவல் கிராஸிங் கேட்மேனிடம் "கேட் மூடியாச்சா?" என்று கேட்டால், "மூடியாச்சு சார்" என்பதோடு விஷயம் முடியாது. "பிரைவேட் நம்பர் நாலு ஏழு" என்று அவர் சொல்ல வேண்டும். அவரிடம் இருக்கும் எண் பட்டியல் தாளில் அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துவிடுவார், நான் என் ரிஜிஸ்டரில் எழுதுவேன். இப்படி இல்லாவிட்டால் "ம்ம்" என்ற சத்தத்தைக் கேட்டே வண்டியை விட்டிருப்போம்.

ஓடுபாதையில் பல இடங்களில் இன்றும் நடப்பது பேச்சுதான். டவர் சொல்லும், பைலட் திருப்பிச் சொல்வார், சக்கரம் உருளும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் ஒரே மூடுபனி. கே.எல்.எம். ஜம்போ அனுமதி இல்லாமலே ஓட ஆரம்பித்துவிட்டது. "காத்திருங்கள்" என்று டவர் சொன்ன அதே நொடியில், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானமும் சொன்னது. ஒரே அலைவரிசையில் இரண்டு குரல் மோதியதால் கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது வெறும் கீச்சொலி. இரண்டும் மோதி 583 பேர் செத்தார்கள். விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் விபத்துதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. 1991 பிப்ரவரி 1, இருட்டிய நேரம். ஒரு சின்ன விமானத்தை ஓடுபாதைக்குள் நுழைந்து நிற்கச் சொன்ன கன்ட்ரோலர், அது அங்கே நிற்பதையே மறந்து, பெரிய விமானம் ஒன்றை அதே பாதையில் இறங்கச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் வேறொரு விமானத்தோடு பேச்சுத் தொடர்பு விட்டுப்போய், அதைத் தேடுவதில் அவர் கவனம் போயிருந்தது. 35 பேர் பலி. மறதி எந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் வரும். லைனில் வண்டி நின்றால், சிக்னலை இயக்கும் லீவரில் காலர் என்ற வளையத்தை மாட்டிவிட வேண்டும் என்று எங்களுக்கு விதி. கை தானாக லீவருக்குப் போனாலும் காலர் தட்டும், தலை நிமிரும். அந்த கன்ட்ரோலர் கைக்குத் தட்டுப்பட அன்று எதுவும் இல்லை.

என் தம்பி மகன் விமான மெயின்டனன்ஸ் படிக்கிறான். இதையெல்லாம் சொன்னால் சிரிப்பான். "பெரியப்பா, உங்க வண்டியை ஹோம் சிக்னல்ல நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிடலாம். மேல வர்றதை எங்க நிறுத்துவீங்க? அது நிமிஷத்துக்கு நாலு கிலோமீட்டர் வந்துக்கிட்டே இருக்கும்." நியாயமான பேச்சுதான். ரயில்வேயின் இரும்பும் சொக்கத்தங்கம் இல்லை. 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில் சிக்னல் ஒரு பாதையைக் காட்டியது, வண்டியைப் பாதை மாற்றும் பாயின்ட் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வயரிங் கோளாறு, 290-க்கும் மேற்பட்ட உயிர்கள். அதனால் கருவியைக் கும்பிடச் சொல்லவில்லை. வாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவில் இன்னொன்று நிற்கட்டும் என்கிறேன்.

அந்த இன்னொன்று ஏற்கெனவே இருக்கிறது. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை, தரையில் நகர்வதைக் காட்டும் ரேடார், மோதப்போகிறது என்று கத்தும் அலாரம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் நடந்ததைப் பாருங்கள். முதல் நாள் வந்த நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகவிருந்த கடலோரக் காவல்படை விமானம், நுழைவு வாசலில் நிற்கும்படி வந்த உத்தரவைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, ஓடுபாதைக்குள் போய் சுமார் 40 விநாடி நின்றது. அந்த வாசலின் சிவப்பு விளக்குகள் அன்று வேலையில் இல்லை. டவர் திரையில் எச்சரிக்கை வந்தது, யாரும் கவனிக்கவில்லை. இறங்கி அதன்மேல் மோதிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் 379 பேரும் தப்பினார்கள். மற்றதில் இருந்த ஆறு பேரில் ஐவர் போய்விட்டார்கள்.

தம்பி மகன் கேட்ட "எங்க நிறுத்துவீங்க" என்பதற்குப் பதிலும் உண்டு: இறங்காமல் மேலே போய்விடுவது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்டினில் பனிமூட்டம். தரை ரேடார் அங்கே இல்லை. டவருக்குத் தெரியாததைக் கடைசி நேரத்தில் கண்ணால் பார்த்து, ஒரு ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் மேலே ஏறியது. கீழே கிளம்பிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்துக்கும் அதற்கும் இடைவெளி 200 அடிகூட இல்லை.

நம் ஊரில் விமானம் அப்படி ஏறினால் ஆட்கள் பைலட்டைத் திட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் டெல்லிக்குப் போக வேண்டிய விமானம் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டு, முதல் தடவை இறங்காமல் மேலே போனது. உள்ளே எம்.பி.க்கள் இருந்ததால் ஊரே பேசியது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றதாக ஒரு எம்.பி. சொன்னார், நிறுவனம் இல்லை என்றது. எதுவானாலும் மேலே போனது சரி. எங்கள் டிரைவர் சிவப்பு சிக்னலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினால் யாராவது திட்டுவார்களா? (திட்டுவார்கள். வைகை எக்ஸ்பிரஸ் பத்து நிமிஷம் நின்றால் என்னையே திட்டியிருக்கிறார்கள்.)

இப்போது மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பெருங்குடி டீக்கடையில் பேச்செல்லாம் நம் ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டத்தைப் பற்றித்தான். நிலம் எடுப்பது, சின்ன உடைப்பு கிராம மக்களின் போராட்டம், ரிங் ரோட்டைக் கீழே சுரங்கமாகக் கொண்டுபோவது, பெரிய விமானம் வருமா வராதா. நான் இணை டாக்சிவே பற்றிக் கேட்டால் "அதுவும் வரும் சார்" என்கிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் அது வந்தால் ஒன்று இறங்கி ஒதுங்குவதற்குள் அடுத்தது பின்னாலேயே வரும். ஓடுபாதைக்குள் நுழையும் வாசல்களும் கூடும். நீளத்துக்கு எத்தனை கோடி ஆகும் என்று கடையில் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வாசல் ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கு வரிசை பதிப்பார்களா என்று கேட்டால்தான் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது.