செயின் நேராக ஓட வேண்டும்: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 20, 2025, ஞாயிறு

விடிகாலையில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வரை போய் வந்தேன். போகும்போது ஆடிக் காற்று காதை அடைத்தது. திரும்பும்போதுதான் செயின் சத்தம் கேட்டது. கரகரவென்று, மிதிக்க மிதிக்க நிற்காத சத்தம். போன வாரம்தான் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டிருந்தேன், அதனால் வறட்சி காரணமில்லை.

என்னுடையது ஃபிக்சட் சைக்கிள், அதில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். கியர் வண்டியில் இருப்பதுபோல் செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் இல்லை. ஓட்டத்தில் செயின் கழன்று சிக்கினால் பின்சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வரும் சாலையில் அது விளையாட்டு இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

வேலை முடிந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கப் பல்சக்கரத்தில் பற்களின் உள்முகம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தில் (இனி முன்சக்கரம்) வெளிமுகம். முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தைவிட வெளியே தள்ளி நிற்கிறது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. பின்னால் செயின் வெளிப்பக்கம் இழுபடுவதால் அதன் உள்தகடு பல்லை உரசுகிறது. முன்னால் இதே கதை தலைகீழாக. அளவு எடுக்கும் முன் இந்தத் தேய்மானத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜூலை 23, புதன்

இரண்டு பல்சக்கரங்களும் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். இரண்டும் ஒன்றானால்தான் செயின் நேராக ஓடும். இரண்டு அளவையும் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து எடுக்க வேண்டும். பின்னால் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து நேராக இருக்கிறது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பின்பக்கம்: ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) அகலம் 120 மி.மீ., பாதி 60. ஃபிரேமைத் தொடும் நட்டின் முகத்திலிருந்து பல்லின் நடுவரை 18. கழித்தால் 42. ஃபிக்சட் சைக்கிளில் வரும் டிராக் ஹப்புகளுக்கு வழக்கமான அளவே இதுதான், ஆகப் பின்பக்கத்தில் குறை இல்லை.

முன்பக்கம்: சீட் குழாயின் விட்டம் 28.6, பாதி 14.3. குழாயின் பக்கத்திலிருந்து முன்சக்கரப் பல்லின் நடுவரை 30.7. கூட்டினால் 45.

3 மி.மீ. வித்தியாசம்.

ஜூலை 26, சனி

செவ்வாய்ப்பேட்டையில் வழக்கமாகப் போகும் கடை. "மூணு மில்லி எல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க தம்பி" என்றார் அண்ணன். கியர் வண்டிக்கு அவர் சொல்வது சரி. அந்தச் செயின் பக்கவாட்டில் வளையும், கியர் மாற மாறக் கோணலாக ஓடத்தான் வேண்டும். என் வண்டியில் இருப்பது தடித்த 1/8 அங்குலச் செயின், வளையாத ரகம். தேய்ந்த பற்களைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, கழட்டிருவோம்" என்றார்.

முன்சக்கரத்தை உள்ளே தள்ள வாஷர் உதவாது, வாஷர் வெளியேதான் தள்ளும். பெடல் தண்டுகளைத் தாங்கும் ஸ்பிண்டிலைக் குட்டையாக்க வேண்டும். பழையது 113 மி.மீ. நீளம். 107 போட்டால் 6 குறையும், அது இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிவதால் வலப்பக்கம் சரியாக 3 உள்ளே வரும். கடையிலேயே ஒன்று கிடைத்தது. கழட்டும்போது கவனிக்க வேண்டியது, ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப் தலைகீழ் மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். அண்ணனுக்கு இது கைப்பழக்கம், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். மாட்டியபின் முன்சக்கரம் ஃபிரேமில் உரசுகிறதா என்று சுற்றிப் பார்த்தோம். இடைவெளி போதும்.

ஜூலை 27, ஞாயிறு

செயின் கோடு நேரானால் மட்டும் வேலை முடியாது, இறுக்கமும் வேண்டும். முன்சக்கரம் மிகச் சரியாக மையத்தில் உட்காராது. அதனால் ஒரு சுற்றில் ஓரிடம் இறுகும், ஓரிடம் தளரும். அதன் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, செயின் மிக இறுகும் இடத்தில் நிறுத்தி, மேலே ஓடும் செயினை ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டினால் சக்கரம் இம்மி நகர்ந்து உட்காரும். மறுபடி சுற்றிப் பார், மறுபடி தட்டு. பொறுமையான வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

அப்புறம் பின்சக்கரத்தை வலம், இடம் என்று மாற்றி மாற்றி இழுத்து நட்டுகளை இறுக்கினேன். இறுகும் இடத்தில் செயின் மேலும் கீழுமாக 10 மி.மீ. ஆடினால் போதும். விறைப்பாக இழுத்தால் பேரிங் கெடும்.

தம்பி மகன் பக்கத்திலேயே நின்றான். சக்கரம் சுற்றும்போது செயின் பக்கம் கையே கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பெடலை விட்டாலும் சக்கரத்தின் வேகம் செயினை இழுத்துக்கொண்டே இருக்கும், மாட்டிய விரல் திரும்பாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மேட்டூர்ப் பக்கம் கூட்டம் இருக்கும் என்று மறுபடி அடிவாரம்தான். செயின் சத்தமே இல்லை, டயர் சத்தம்தான்.

மேலே ஏறுகிறாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். என் வண்டியின் முன்னால் 46, பின்னால் 16 பல் அமைப்பில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் கால்கள் நிமிடத்துக்கு 110 சுற்று சுற்றியே ஆக வேண்டும். முன்பிரேக் இருக்கிறது, ஆனாலும் அந்த இறக்கத்துக்குக் கியர் வண்டிதான் என்பது என் முடிவு.

புதிய ஸ்பிண்டிலின் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். பல்சக்கரத்தின் உள்முகத் தேய்மானம் இனிக் கூடுகிறதா என்று மாதக் கடைசியில் பார்க்கிறேன். கூடவில்லை என்றால் இதே பல்சக்கரம் இன்னும் நெடுநாள் ஓடும்.