12 எங்கிருந்து வந்தது?

பி1-இல், அதாவது எம்பிஏ-வின் முதல் பருவத்தில், நமக்கு நிதிப் பாடம் எடுத்தவர் காலமாகிவிட்டார் என்று போன மாதம் மின்னஞ்சல் வந்தது. பழைய மாணவர் மலருக்கு, நாம் படித்த இன்சியாட் வணிகப் பள்ளி நாட்களைப் பற்றிப் பொதுவாக ஏதாவது எழுதலாம் என்றிருந்தேன். இப்போது அவரைத் தவிர எதுவும் எழுத வரவில்லை.

2004 அக்டோபர், பாரிஸ் அருகே ஃபோன்டேன்புளோ வளாகம். முந்தைய இரவு ஸ்டடி குரூப்பில் கேஸை முடிக்கும்போது மணி இரண்டு. காலையில் அவர் என் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கேட்டார்: "முதலாக 100 போட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 25 வரும். இறங்கலாமா?"

"வேண்டாம். 12 சதவீத டிஸ்கவுண்ட் ரேட்டில் கிட்டத்தட்ட 10 நஷ்டம்."

"12 எங்கிருந்து வந்தது?"

வருங்காலத்தில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிடும் விகிதம் அது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எக்செல் தாளில் யாரோ போட்டிருந்தார்கள், நான் கேட்கவில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. வழக்கமாக இந்த இடத்தில் அடுத்தவரிடம் போய்விடுவார்கள், அவர் போகவில்லை. பலகையில் 12 என்று எழுதி வட்டமிட்டார். பக்கத்தில் 7 என்று எழுதி, போட்டுப் பார்க்கச் சொன்னார். 2.5 லாபம் வந்தது. அதே திட்டம், அதே பணம். என் முகம் சூடானது இன்றும் நினைவிருக்கிறது.

மறுநாள் அறைக்கு வரச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். "இதே அளவு ரிஸ்க் உள்ள வேறொன்றில் போட்டால் இந்தப் பணம் என்ன சம்பாதிக்கும்? அதைக் கேட்காமல் ரேட்டைத் தொடாதீர்கள்" என்றார். இருபது வருடமாக நான் சம்பாதிப்பது அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான்.

டிசம்பரில், நம் செக்‌ஷனில் பாதிப் பேர் பி3-க்காக சிங்கப்பூர் வளாகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஃபோன்டேன்புளோ அரண்மனை முற்றத்தில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். 1814-இல் நெப்போலியன் தன் படையிடம் விடைபெற்ற முற்றம் அது. நம் பள்ளியின் முதல் வகுப்பும் 1959-இல் அந்த அரண்மனையில்தான் நடந்தது. "பி4-இல் என் எலக்டிவுக்கு, அந்த விருப்பப் பாடத்துக்கு, வந்துவிடுங்கள், உங்களிடம் கேட்க இன்னும் கேள்வி இருக்கிறது" என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

வரவில்லை. சிங்கப்பூரில் வேலைக்கான நேர்காணல்கள் வந்தன, அப்புறம் வேலையும் வந்தது. அங்குள்ள போனா விஸ்டா வளாகத்திலேயே பி5-ஐயும் முடித்தேன். இரண்டு வளாகம் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். ஒன்றை விட்டுப் போகிறோம் என்றே அப்போது தோன்றவில்லை.

இரண்டு வருடம் முன்பு அலுவலக வேலையாகப் பாரிஸ் போயிருந்தேன். ஒரு மாலை முழுக்கச் சும்மா இருந்தது. மறுநாள் காலை விமானம், அவரும் ஓய்வு பெற்றிருப்பார், இந்நேரத்தில் போய் என்ன சொல்வது என்று ஓட்டலிலேயே இருந்துவிட்டேன். பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து ஃபோன்டேன்புளோவுக்கு ரயிலில் 40 நிமிடம்தான்.