கடையில் கூட்டம் குறைந்த பிறகு வருகிறவர்கள்

காரைக்குடியில் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நின்று பழகியவனுக்கு, ஒருவர் என்ன கேட்கப்போகிறார் என்பது அவர் நிற்கிற தோரணையிலேயே பாதி தெரிந்துவிடும். பெண்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள், முதலில் பாராசிட்டமால் ஒரு அட்டை, அப்புறம் ஒரு இருமல் மிட்டாய், காசு கொடுத்த பிறகும் நகராமல் போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள். "அண்ணே, சைஸ் பெருசாக எண்ணெய் ஏதாச்சும் இருக்கா?" ஆணுறுப்பைத்தான் சொல்கிறார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்காக லீவில் தேவகோட்டைக்கும் புதுவயலுக்கும் வந்த ஆட்கள்தான் அதிகம். தேதி குறித்தாகிவிட்டது, பயமும் வந்துவிட்டது.

நான் எண்ணெய் எடுத்துக் கொடுப்பதில்லை. நம் நாட்டின் 1945 மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, இன்னின்ன கோளாறைக் குணமாக்குவேன் என்று எந்த மருந்தும் சொல்லக் கூடாது என்ற பட்டியல். ஆணுறுப்பின் அளவையும் வடிவத்தையும் கூட்டுவது அதில் வருகிறது. டி.ஃபார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பில் பரீட்சைக்காகப் படித்தது, இன்றைக்கு தினமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிதாக்கித் தருகிறேன் என்று லாட்ஜில் ரூம் போட்டு கேம்ப் நடத்துகிறவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு அப்புறம் இங்கே வருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

சராசரி எவ்வளவு என்று கேட்டால் சொல்லிவிடுவேன். 2015-ல் லண்டன் ஆய்வாளர்கள், மருத்துவத் துறையினரே அளந்த 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்தார்கள். விறைத்த நிலையில் சராசரி 13.12 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. சாதாரண நிலையில் 9.16. பத்தில் ஒன்பது பேர் விறைத்த நிலையில் சுமாராக 10-க்கும் 16-க்கும் நடுவில் வந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த எண்ணைச் சொன்னதும் முகம் தெளிவதில்லை. "எனக்கு அதுவும் இல்லண்ணே" என்பார்கள். எப்படி அளந்தாய் தம்பி என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பெரும்பாலும் குளித்து முடித்து, உடம்பு குளிர்ந்திருக்கும்போது, நின்றபடி குனிந்து பார்த்த கணக்கு. குளிரிலும் பதற்றத்திலும் அது சுருங்கத்தான் செய்யும். மேலிருந்து பார்ப்பதோ, மொட்டை மாடியிலிருந்து தெருவில் நிற்பவனைப் பார்க்கிற மாதிரி, குட்டையாகத்தான் தெரியும். மருத்துவர்கள் மேல்பக்கமாக ஸ்கேலை வைத்து, அடிவயிற்று எலும்பில் படுகிற அளவு அழுத்தி, அங்கிருந்து நுனிவரை அளப்பார்கள். தொப்பை உள்ளவர்களுக்கு இந்த அழுத்தத்திலேயே வித்தியாசம் தெரியும், கொழுப்புக்குள் மறைந்திருப்பதும் கணக்கில் வந்துவிடும் அல்லவா. அப்புறம், ஒப்பிடுவது யாரோடு? போனில் பார்த்த ஆபாசப் படத்து ஆளோடு. பெரிதாக இருப்பதற்காகவே பொறுக்கி எடுத்தவன் அவன்.

மனைவிக்குப் போதுமா என்பதுதான் அடியில் கிடக்கும் கேள்வி, அது கடைசியில்தான் வரும், அதுவும் பாதி முழுங்கிக்கொண்டு. 2006-ல் வந்த ஒரு பெரிய இணையக் கருத்துக் கணிப்பில் பெண்களில் 85 சதவீதம் பேர் துணைவரின் அளவில் திருப்தி என்றார்கள், ஆண்களில் 55 சதவீதம் பேர்தான் தங்கள் அளவில் திருப்தி என்றார்கள். இதைச் சொன்னால் சிலர் சிரித்துவிடுவார்கள். பெண்ணின் உறுப்பில் தொடு உணர்ச்சி அதிகம் இருப்பது வெளிப்பகுதியில்தான் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கூச்சத்தில் கிளம்பியும் விடுவார்கள், சரி, அவ்வளவு போதும் அன்றைக்கு.

எல்லோரையும் இப்படிப் பேசியே அனுப்பிவிட முடியாது. விறைக்காத நிலையில் இழுத்து அளந்தும் ஏழரை சென்டிமீட்டருக்குள் இருந்தாலோ, புதிதாக வளைவு வந்திருந்தாலோ, முன்தோல் பின்னே போகாமல் வலித்தாலோ யூராலஜிஸ்டை, அதாவது சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புக் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டரை, பார்க்கச் சொல்கிறேன். அளவு சரியாக இருந்தும் தினமும் ஸ்கேலை எடுக்கிறவர், அதனாலேயே கல்யாணம் வேண்டாம் என்கிறவர் என்றால் சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது என்று சொல்வேன். அந்தப் பெயரைக் கேட்டதும் "எனக்கென்ன பைத்தியமாண்ணே" என்று முறைப்பார்கள். முறைத்தாலும் ஓபி நேரத்தைச் சீட்டில் எழுதி, பாராசிட்டமால் கவருக்குள்ளேயே போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.