எக்ஸ்870ஈயா, பி850ஆ? போர்ட் தெரிவு செய்யவே மூன்று கிழமை போனது

என் பழைய கணினி 2018இல் நானே பூட்டியது, ஏஎம்டியின் பி350 மதர்போர்ட். ஏழு வருடம் உழைத்தது, நடுவில் அதே போர்ட்டில் ஒரு தரம் சிபியுவை மாற்றியும் பாவித்தேன். அந்த நன்றியில்தான் இந்த முறையும் ஏஎம்டி பக்கம் மனம் போனது. தலைப்பில் உள்ள இரண்டும் ஏஎம்டி மதர்போர்ட் வகைகள். யூஎஸ்பி, டிஸ்க் போன்றவற்றை சிபியுவோடு இணைக்கும் சிப்செட்டின் பெயரால்தான் போர்ட்டை அழைப்பார்கள். இப்போதைய சிபியுக்கள் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2022இல் டொலர் ஏறிய ஏற்றத்தையும், 2024இல் வற் 18 வீதமானதையும் கொழும்பில் இருந்து பார்த்தவனுக்கு ஒரு போர்ட் எத்தனை வருடம் தாங்கும் என்பது சின்ன விசயமில்லை.

சிபியுவும் கிராஃபிக்ஸ் கார்டும் முதல் நாளே முடிவாகிவிட்டன. ரைசன் 7 9800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. இன்டெல் சிபியுவுக்கான இசட்890 போர்ட்டையும் பார்த்தேன். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: சிப்செட்டுக்கும் சிபியுவுக்கும் இடையிலுள்ள இணைப்பு ஏஎம்டியில் இருப்பதைவிட இரண்டு மடங்கு அகலம். ஆனால் கேமுக்கு 96 எம்பி எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) உள்ள எக்ஸ்3டியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இன்டெல்லில் சிபியுவை ஓவர்குளொக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) இசட் போர்ட்தான் வேண்டும், ஏஎம்டியில் பி850இலேயே செய்யலாம் என்பதும் ஒரு காரணம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் விசாரித்தபோது தம்பி ஒருவர் எக்ஸ்870ஈ பெட்டியை மேசையில் வைத்து, “அண்ணா, இந்த சிபியுவுக்கு பி போர்ட் போட்டா வேஸ்ட், எக்ஸ்தான் போடவேணும்” என்றார். நல்ல பொடியன், நம்பித்தான் சொன்னார். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 80,000 ரூபா வித்தியாசம். வாங்காமல் வெளியே வந்து வெள்ளவத்தையில் இருக்கும் கூட்டாளிக்கு எடுத்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: “மச்சான், நீ அதில என்னென்ன கொழுவப் போறாய்? அதை முதல்ல எண்ணு.”

எண்ணினேன். கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று, எம்.2 எஸ்எஸ்டி (போர்ட்டிலேயே நேராகச் செருகும் டிஸ்க்) இரண்டு, சாட்டா கேபிளில் கொழுவும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, தங்கச்சி வீடியோ பதிவு செய்யப் பாவிக்கும் கேப்சர் கார்ட் ஒன்று. அவ்வளவுதான். வேகமான புது யூஎஸ்பி வகையான யூஎஸ்பி4இல் கொழுவ என்னிடம் ஒரு சாமானும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு லேன் கணக்கைப் பார்க்கத் தொடங்கினேன். லேன் என்றால் தரவு ஓடும் பாதை. பிசிஐஇ என்பது கார்டும் எஸ்எஸ்டியும் கொழுவும் இணைப்பு, பின்னால் வரும் 4.0, 5.0 அதன் தலைமுறை, எண் கூடினால் வேகம் கூடும். 9800எக்ஸ்3டியில் இருந்து பிசிஐஇ 5.0 லேன் 28 வருகிறது: 16 கிராஃபிக்ஸுக்கு, எம்.2க்கும் மற்றச் சாமான்களுக்கும் 8, மிச்சம் 4 சிப்செட்டுக்கு. அந்தக் கடைசி நாலும் சிப்செட்டுக்குப் போகும்போது 4.0 வேகத்தில்தான் ஓடும். விலை கூடின போர்ட் வாங்கினாலும் சிபியுவிலிருந்து வருவது இதே 28தான். அதாவது கேம் ஓடும்போது உண்மையில் வேலை செய்கிற பாதைகளின் எண்ணிக்கைக்கும் சிப்செட்டின் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, கார்ட் நேராக சிபியுவோடு கதைக்கிறது.

அப்படியென்றால் எக்ஸ்870ஈக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது? அதில் புரொமொன்டரி 21 என்ற சிப் இரண்டு இருக்கும், ஒன்றின் வாலில் மற்றது. பி850இல் அதே சிப் ஒன்று. ஆச்சரியம் என்னவென்றால் ‘ஈ’ இல்லாத வெறும் எக்ஸ்870இலும் ஒன்றுதான், கூடவே யூஎஸ்பி4 கட்டாயம். 2022இல் வந்த பி650ஈயிலும் இதே சிப்தான். இரண்டு சிப் இருந்தால் யூஎஸ்பி, எம்.2, சாட்டா எல்லாம் கூடக் கிடைக்கும், ஆனால் அவை எல்லாம் சேர்ந்து சிபியுவுக்குப் போவது அந்த ஒரே நாலு லேன் வழியாக. காலி வீதியில் எத்தனை ஒழுங்கை வந்து ஏறினாலும் வீதி அதே அகலம்தான்.

யூஎஸ்பி4 விசயம்தான் எனக்கு முடிவெடுத்துத் தந்தது. அதன் கன்ட்ரோலருக்கு சிபியுவின் நாலு லேன் போகிறது. அதனால் பல எக்ஸ்870, எக்ஸ்870ஈ போர்ட்களில் இரண்டாவது எம்.2இல் எஸ்எஸ்டி போட்டால் யூஎஸ்பி4 பாதியாகும், சிலவற்றில் கிராஃபிக்ஸ் 16இலிருந்து 8க்கு இறங்கும். மெனுவலைத் தரவிறக்கி, கட்டமைப்புப் படத்துக்குக் கீழே குட்டி எழுத்தில் இருக்கும் வரிகளைப் படித்தால்தான் இது தெரியும், பெட்டியில் போட்டிருக்காது. மூன்று போர்ட்டின் மெனுவலை பஸ்ஸில் போக வர படித்து முடித்தேன்.

பி850 எடுத்தேன். பி840 என்று ஒன்றும் வருகிறது, பெயர் கிட்டக்கிட்ட இருந்தாலும் அது வேறு சாமான், சிபியு ஓவர்குளொக் கிடையாது, கவனம். மிச்சக் காசில் ஒரு நல்ல யூபிஎஸ். வோல்டேஜ் சீராக்கும் மின்சுற்றையும் பார்த்துத்தான் வாங்கினேன். 9800எக்ஸ்3டி 120 வாட் ரகம், அதிகம் போனால் 162 வாட் இழுக்கும், நடுத்தர பி850க்கு அது பெரிய சுமை இல்லை.

பூட்டினது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் வேலையாக பயோஸ் (போர்ட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தேன், சிபியு போடுவதற்கு முன்பே. ஃபேட்32 பென் டிரைவில் ஃபைலைப் பெயர் மாற்றிப் போட்டு, பின்பக்கம் உள்ள ஃப்ளாஷ்பேக் பொத்தானை அமத்திப் பிடித்தால் சின்ன விளக்கு மினுங்கும், மினுங்கி முடியும் வரை கை வைக்கக் கூடாது. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: 2023இல் சில எக்ஸ்3டி சிபியுக்கள் எக்ஸ்போ (மெமரியை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு) போட்டபோது எஸ்ஓசி வோல்டேஜ் (சிபியுவில் மெமரியைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) கூடிக் கருகின, அதற்குப் பிறகு வந்த பயோஸில்தான் 1.3 வோல்ட் என்று எல்லை போட்டார்கள். புது போர்ட்டில் அந்த எல்லை இருக்கும்தான், ஆனாலும் முதலில் பயோஸ், பிறகு எக்ஸ்போ என்பதை நான் மாற்ற மாட்டேன்.

பிறகு பவர் பொத்தான். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். போர்ட்டில் டிராம் என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு மட்டும். டிடிஆர்5 முதல் தரம் மெமரியைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும் என்று தெரிந்திருந்தும் நெஞ்சு அடித்தது. நாலாவது நிமிடம் படம் வந்தது.

விண்டோஸ் போட்டு எல்லாம் முடிந்த பிறகு கேப்சர் கார்டைக் காணவில்லை. கழற்றிப் போட்டேன், டிரைவரை அழித்துப் போட்டேன், கார்ட் செத்துவிட்டது என்றே நினைத்தேன். இரவு பத்து மணிக்கு மெனுவலைத் திரும்ப எடுத்தால் நான் அவசரத்தில் தாண்டிப் போன வரி: மூன்றாவது எம்.2இல் எஸ்எஸ்டி இருந்தால் கீழ் ஸ்லொட் வேலை செய்யாது. கார்டைக் கழற்றாமல் கை போகும் இடம் என்று இரண்டாவது எஸ்எஸ்டியை அங்கேதான் போட்டிருந்தேன். இந்த இடத்தில் எக்ஸ்870ஈ எடுத்தவருக்கு அனேகமாக இந்தப் பிரச்சினை வராது, இரண்டாவது சிப்புக்கு அந்த நியாயத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

என் போர்ட்டில் யூஎஸ்பி4 இல்லாததால் இரண்டாவது எம்.2 யாரோடும் பங்கு போடாமல் சும்மா கிடந்தது. அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில். 5070 டிஐ தடிப்பானது, அதன் பூட்டுக்கு என் விரல் போகவில்லை. ஒரு ஐஸ்கிறீம் குச்சியால் மெதுவாக அமத்த ‘டிக்’ என்று விட்டது. எஸ்எஸ்டியை மாற்றி, எம்.2இன் குட்டித் திருகாணியை வியர்த்த கையால் பிடித்துப் பூட்டி, திரும்ப எல்லாம் போட்டு ஓன் செய்தால் கேப்சர் கார்ட் தானாக வந்து நின்றது.

அடுத்த நாள் ஒரு சோதனை. பயோஸில் கிராஃபிக்ஸ் ஸ்லொட்டை 5.0இலிருந்து 4.0க்கு இறக்கி, 1440பியில் நான் விளையாடும் இரண்டு கேமை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு ஃபிரேம் வித்தியாசம், அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வருகிற ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிட்டது. சிபியுவின் வோல்டேஜைக் குறைக்கும் கேர்வ் ஒப்டிமைசரை மைனஸ் 20இல் வைத்திருக்கிறேன், ஒரு கிழமையாக ஒரு தரமும் விழவில்லை. தங்கச்சி நேற்று மூன்று மணித்தியாலம் பதிவு செய்தாள். மைனஸ் 25 சனிக்கிழமை பார்க்கலாம் என்று இருக்கிறேன்.