என் கணவர் 62 வயதில் பென்ஷன் எடுத்தார், என் பங்கு என்ன ஆனது?

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்கு ஹெச்-4 விசா, வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குத் தருவது. வேலை பார்க்க அனுமதி இல்லை. கிரீன் கார்டு வந்தபிறகு பள்ளிக்கூடக் கேன்டீனில் ஆறு வருஷம் இருந்தேன். சொந்தமாக சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின்) பென்ஷன் வாங்க, வேலை பார்த்துச் சேர்க்கும் 40 கிரெடிட் வேண்டும். வருஷத்துக்கு நாலுதான் சேரும். என்னிடம் இருந்தது 24. ஆக, என் கணவர் கணக்கில் வரும் மனைவி பங்குதான் எனக்கு.

2022-இல் அவருக்கு வேலை போயிற்று. அப்போது வயது 62. வீட்டுக் கடன் பாக்கி இருந்ததால் உடனே பென்ஷன் எடுத்துவிட்டார். முழு பென்ஷன் வயதான 67 வரை பொறுத்திருந்தால் மாதம் 2,400 டாலர். 30 சதவீதம் கழித்துக்கொண்டு 1,680 கொடுத்தார்கள். (வருஷா வருஷம் கூடும் விலைவாசி உயர்வை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.) "அவர் வாங்கறதுல பாதிதாம்மா உனக்கு" என்றார் கோயிலில் ஒரு அக்கா. 840 என்று காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்தேன். ரெண்டு வருஷத்துக்கு மேல் அந்த எண்ணோடுதான் இருந்தேன்.

அது தப்பு. விண்ணப்பிக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கி சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்குப் போனபோது அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். பாதி என்பது அவர் கைக்கு வரும் பணத்தில் இல்லை, 67-இல் அவருக்கு உரிய 2,400-இல். அவர் முன்கூட்டி எடுத்தது என் 1,200-ஐத் தொடாது. சொல்லப்போனால் அவர் எடுத்திருந்ததால்தான் நானும் கேட்க முடிந்தது. குறைப்பது என் வயது: 62-இல் கேட்டால் 780, 64-இல் 900, 67-இல் முழு 1,200. அதற்குமேல் காத்திருந்தாலும் ஒரு டாலர் கூடாது.

மனசு லேசான அந்த நேரத்தில், நான் கேட்கத் தயங்கியதை மகள் கேட்டாள். "அப்பாவுக்கு ஏதாவது ஆனா அம்மாவுக்கு எவ்வளவு?"

அங்கேதான் அடி. அவர் 67-இல் எடுத்திருந்தால் விதவைப் பங்காக எனக்கு மாதம் 2,400. 70 வரை தள்ளியிருந்தால் 2,976. இப்போது அதிகபட்சம் 1,980, அதாவது 2,400-இல் 82.5 சதவீதம். என் மனைவி பங்கும் அன்றோடு நின்றுவிடும். எடுத்ததை ரத்து செய்ய 12 மாதம் அவகாசம் உண்டாம், வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டவேண்டும். எங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. 2022-இல் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டிருந்தால், கடனுக்கு வேறு வழி தேடியிருப்போம்.

நான் 64-இல் எடுத்துக்கொண்டேன். அவர் 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேருக்குப் போய்விட்டார். எனக்கு 65 ஆகும்வரை தனி இன்சூரன்ஸ் கட்டியாக வேண்டும், அதற்குத்தான் இந்த 900. இதை முன்கூட்டி எடுத்தாலும், முழு வயதுக்குப் பிறகு வரும் விதவைப் பங்கு இதனால் குறையாது என்று உறுதியாகக் கேட்டுக்கொண்ட பிறகே கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணச் சான்றிதழுக்கு ஜெராக்ஸ் செல்லாது, அசல் வேண்டும் என்றார்கள். கும்பகோணத்தில் 1988-இல் பதிந்தது. மடித்த இடமெல்லாம் நைந்து, அவர் பெயரின் நடுவே கிழிசல் ஓடியிருந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கி, ஸ்கேன் செய்து, அதே மடிப்பில் மடித்துத் திருப்பித் தந்தார்.