காலி வரி

கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டிய முகவரிகளைப் பெரியப்பா ஒரே டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்பியிருந்தார். கமா இல்லை, கட்டம் இல்லை. பெயர், தெரு, ஊர், கடைசி வரியில் பின்கோடு. அப்புறம் ஒரு வரி காலி.

முகவரிகளைத் தனித்தனியாகப் பிரிக்க அந்தக் காலி வரி போதும்.

டெக்ஸ்ட் ஃபைல்களைப் பிரித்து மேயும் ஆக் (awk) என்ற நிரல்மொழியில், ஒரு பதிவு எங்கே முடியும் என்று சொல்லும் ஆர்எஸ்ஸை (RS) வெறுமையாக விட்டு, பதிவுக்குள் ஃபீல்டுகளைப் பிரிக்கும் எஃப்எஸ்ஸுக்குப் (FS) புதுவரிக் குறியைக் கொடுத்தால், காலி வரி வருமிடத்தில் ஒரு முகவரி முடியும். ஒவ்வொரு வரியும் ஒரு ஃபீல்ட். சிலருக்கு மூன்று வரி, சிலருக்கு "பிள்ளையார் கோயில் எதிரில்" எல்லாம் சேர்த்து ஆறு. கவலையில்லை. டாலர் என்எஃப் ($NF) என்றால் கடைசி ஃபீல்ட், இங்கே கடைசி வரி, அதாவது பின்கோடு.

இரண்டு குடும்பங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. நடுவிலிருந்த காலி வரியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ்! ஆக்குக்கு அது காலி வரி இல்லை. வரிக்கடைசி ஸ்பேஸ்களைத் துடைத்ததும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய மொழி இது. இன்னும் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு டேட்டாபேஸ் தெரியாது. ஆனால் செல்களை ஒட்டவைத்து வண்ணமடித்து வரும் எக்செல் ஃபைல்களைவிட அவர் பட்டியலில்தான் ஒழுங்கு அதிகம்.